தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி ஒன்று

3 பிப்ரவரி 2026, செவ்வாய்க்கிழமை, காலை 10.40

தங்கைக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதே கடித முறை. அம்முறையைக் கடைப்பிடிக்கும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியாததால் அந்த வரியைத் தவிர்த்திருக்கிறேன். 1983ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி என் வீட்டு வாசற்படியில் நின்று, "இனிமே உன் குரல் என் காதுல விழக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாய். நாற்பத்திரண்டு ஆண்டுகள், இரண்டு மாதங்கள், இருபத்தைந்து நாட்களாக அச்சொல்லை நான் மீறவில்லை. கடிதத்துக்குக் குரல் இல்லை என்ற துணிவில் இப்போது எழுதுகிறேன்.

எனக்கு ஒரு மகள் இருப்பதை அறிவாய். நீ அவளைப் பார்த்ததில்லை. வயது முப்பத்தேழு. அடுக்குமாடிகளின் லிப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் பணி. மணமாகி ஆறு ஆண்டுகள் கழித்து இப்போதுதான் கருவுற்றிருக்கிறாள். மாப்பிள்ளை கப்பலில் பொறியாளர். ஆகஸ்டு வரை கரைக்கு வர இயலாது. ஆகவே என்னுடன் தங்கியிருக்கிறாள்.

ஜனவரி 12ஆம் தேதி மருத்துவமனையில் கருவின் மரபணுவைச் சோதித்தார்கள். ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். அது கெடுதலா, இல்லையா என்று எவருக்கும் தெரியாதாம். தெரியாதபோது குடும்ப வரலாற்றைப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பழைய குடும்பத் தகுதி அலுவலகத்தின் அட்டைகள் அனைத்தையும் இப்போது கணினியில் ஏற்றிவிட்டார்கள். நம் வீட்டு அட்டை வந்து நின்றது: 'வலிப்பு, இரண்டு தலைமுறை.' அப்பாவும் நீயும். திரையில் அந்த எழுத்து உடனே சிவப்பாகிவிட்டது.

மரபு நலக் குழு என்று ஒன்று அங்கே இருக்கிறது. அது 'திருத்த ஊசி' போடச் சொல்கிறது. தாயின் வயிற்றின் வழியே ஊசியைச் செலுத்திக் கருவிலேயே அந்த எழுத்தை மாற்றுவார்கள். நூற்றில் நான்கு கரு தங்குவதில்லை. இருபது வாரம் முடிவதற்குள், அதாவது மார்ச் 6க்குள், போட்டாக வேண்டும். கட்டாயம் இல்லை என்கிறார்கள். ஆனால் மறுத்தால் அந்த மறுப்பு குழந்தையின் பெயரோடு பதிவாகும், காப்பீடு கிடைக்காது, பள்ளிகள் அந்தப் பதிவைக் கேட்டு வாங்குகின்றன.

வழி ஒன்றே ஒன்று உண்டு. வலிப்பு வந்த உன் இரத்தத்தில் அந்த எழுத்து மாறாமல் இருக்குமானால், வலிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாகிவிடும். கரு மீதுள்ள சந்தேகம் நீங்கும். ஒரு சிறு குப்பி இரத்தம். நான் கேட்பது அவ்வளவே.

மகள் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, வயிற்றின்மீது கை வைத்தபடி, நூற்றில் நான்கு என்பதை விதவிதமாக வகுத்துப் பார்க்கிறாள். எப்படி வகுத்தாலும் அது நான்காகவே வருகிறது. நான் அஞ்சுகிறேன்.

இவண்,
அண்ணன்


9.2.2026

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நாட்கணக்கு சரியாகத்தான் இருக்கும். வீட்டில் உங்களுக்குக் 'காலண்டர்' என்று பட்டப்பெயர் வைத்தவளே நான்தானே.

ஆனால் அந்த அட்டை காலும் கையும் முளைத்துத் தானாக நடந்து வந்து நின்றது போல எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதியது யார்? இருபத்துமூன்று வயசு எழுத்தர் ஒருவர், சொந்த அப்பாவையும் சொந்தத் தங்கையையும் தன் கையாலேயே எழுதி, மூலையைக் கத்தரித்துப் பெட்டியில் போட்டார். மூலை வெட்டிய அட்டை என்றால் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை கூடாது என்று பொருள். எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது, காட்டிய இடத்தில் பெருவிரலைப் பதித்தாள்.

1974 அக்டோபர் 14. எனக்குப் பதினேழு. கடைசி வலிப்பு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. குடல்வால் ஆபரேஷன் என்றார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட ஒருத்தி, "ரெண்டு நிமிஷம்தான் கண்ணு" என்றாள். கல்யாணம் ஆகி, பிள்ளையில்லை என்று வேறு ஊரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனபோது, அவர் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு யாருமே சொல்லலையா?" என்று கேட்டார். அது குடல்வால் ஆபரேஷனே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் வாசலுக்கு வந்தேன். நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நான் எழுதினது உண்மை. ரெண்டு தலைமுறை. பொய் எழுதச் சொல்றியா?"

வலிப்புக்காரி தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது என்பார்கள். நான் முப்பத்தோரு வருஷம் நகராட்சிக் குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தேன். இன்னமும் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் வகுப்பு என்னுடையதுதான். ஒரு குழந்தையின் அட்டையையும் கேட்டதில்லை. மிதக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான்.

நேற்று அந்த வகுப்பு நடக்கும்போது, குளக்கரை ஈரத்தில் செருப்போடு ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் நீலப் பை. சிரித்த முகம். "மருத்துவமனையிலேர்ந்து வர்றேன் பாட்டி. ரெண்டு நிமிஷம்தான்" என்றாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்த நான் கழுத்தளவுக்குப் பின்வாங்கினேன். அவள் போகும்வரை நான் கரையேறவில்லை. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போயிற்று.

என் முகவரியை அவளுக்குக் கொடுத்தது யார்?

என் ரத்தம் என்னிடமே இருக்கட்டும்.

உங்கள் அட்டையில் உள்ள இரண்டாம் தலைமுறை


13 பிப்ரவரி 2026, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.05

தங்கைக்கு,

முகவரியைக் கொடுத்தவன் நான். பிப்ரவரி 2ஆம் தேதி, உனக்கு எழுதுவதற்கு முந்தைய நாள், ஒரு படிவத்தில் 'உயிரோடுள்ள நெருங்கிய உறவினர்' என்ற கட்டம் இருந்தது. நிரப்பிவிட்டேன். கட்டம் இருந்தால் நிரப்புவது என் கைக்குப் பழகிய குற்றம். உன் சம்மதம் கேட்பதற்கு முன் அவ்வாறு செய்தது தவறு, மன்னிப்பைக் கோருகிறேன்.

எனினும் வேண்டுகோளைத் திரும்பப் பெறும் நிலையில் நான் இல்லை. இன்னும் இருபத்தொரு நாட்களே உள்ளன. குழந்தைக்கென்று ஒரு துணிகூட மகள் வாங்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பெயர்களை எழுதி ஒட்டியிருந்தாள். புதன்கிழமை அதைக் கிழித்தெடுத்துவிட்டாள். "சந்தேகம் இருந்தா லிப்ட மூடிட வேண்டியதுதாம்ப்பா. எங்க வேலையில முதல் பாடமே அதுதான்" என்கிறாள். மறுநாளே, "நூத்துல நாலுன்னா, அந்த நாலு பேரும் மீதி தொண்ணூத்தாறு பேர் மாதிரிதானே கையெழுத்துப் போட்டிருப்பாங்க?" என்கிறாள்.

நேற்று, "அத்தை ஏம்ப்பா நம்ம வீட்டுக்கு வர்றதே இல்ல?" என்று கேட்டாள். உனக்குத் தலைக்கனம் அதிகம் என்று அவள் சிறுமியாக இருந்தபோதே சொல்லி வைத்திருந்தேன். அதையே மீண்டும் சொன்னேன்.

நம் அட்டையை அவள் அச்செடுத்து வந்து பையில் வைத்திருக்கிறாள். அதை அவள் வெளியே எடுக்கும்போதெல்லாம், தேதிகளைப் படித்துவிடுவாளோ என்று எனக்குக் குலை நடுங்குகிறது. அருள்கூர்ந்து அந்தக் குப்பி இரத்தத்தைக் கொடு. விரைவில் எல்லாம் முடிந்துவிடும்.

இவண்,
அண்ணன்


17.2.2026

தலைமை எழுத்தருக்கு,

தேதிகளைப் படித்தால் உங்களுக்கு ஏன் குலை நடுங்க வேண்டும்?

தேதி என்றால் உங்களுக்கு உயிராயிற்றே. அம்மா இறந்தபோதுகூட மணியைத்தானே முதலில் பார்த்தீர்கள்.

அந்த அட்டையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதி அனுப்புங்கள். அதன்பிறகு ரத்தத்தைப் பற்றிப் பேசலாம். நான் இதுவரை அந்த அட்டையைப் பார்த்ததே இல்லை. என் வயிற்றை அறுத்த காகிதம் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.


21 பிப்ரவரி 2026, சனிக்கிழமை, காலை 6.20

தங்கைக்கு,

கீழே உள்ளது அட்டையின் உள்ளபடியான நகல்.

குடும்பத் தலைவர்: சுவர் விளம்பரம் எழுதுபவர். காலமானார்.
முதல் வலிப்பு: 1.1.1961
தலைக்காயம்: 19.3.1961
மகள், முதல் வலிப்பு: 7.6.1965
பதிந்த நாள்: 2.8.1974
முடிவு: இரண்டு தலைமுறை. மூலை வெட்டுக.

நாலாவது முறையாக இக்கடிதத்தை எழுதுகிறேன். முந்தைய மூன்றையும் கிழித்தேன்.

1961 மார்ச் 19 ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறை. எனக்குப் பத்து வயது, உனக்கு நான்கு. அப்பா சாரத்தின் மேல் நின்று எழுதிக்கொண்டிருந்தார். நான் கீழே மஞ்சள் வண்ணத் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சாரத்தின் கட்டு அவிழ்ந்தது. தலை முதலில் தரையில் பட்டது. மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக ஓடியதைப் பார்த்தவன் நான். ஆகவே அத்தேதி எனக்கு உறுதியாகத் தெரியும்.

அப்பாவுக்கு முதல் வலிப்பு வந்தது அதற்குப் பிறகு. சில மாதங்கள் கழித்து. அந்த ஆண்டுதான், நாள் தெரியாது.

அட்டையில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. காலியாக விட்டால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பியனுப்புவார்கள். அது வெள்ளிக்கிழமை மாலை. பெட்டிகளைப் பூட்டும் நேரம். எங்கள் மேலாளர் - அவரைக் 'கத்தரி' என்று அழைப்போம் - என் மேசையருகே வந்தார். "என்னய்யா முழிக்கிற? வருஷம் தெரியுமில்ல? தேதி தெரியாதவனுக்கெல்லாம் ஜனவரி ஒண்ணு. எழுதிட்டு எந்திரி" என்றார். அது அவ்வலுவலகத்தின் நடைமுறை. எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். எழுதினேன்.

ஜனவரி, மார்ச்சுக்கு முன்னால் வருவது. அட்டையைப் படித்த மருத்துவர், வலிப்பு முதலில், வீழ்ச்சி பின்னர் என்று கண்டார். வலிப்பினால்தான் விழுந்தார், ஆகவே பிறவிக் கோளாறு என்று முடிவு செய்தார். அடிபட்டதால் வந்த வலிப்பு தலைமுறைக் கணக்கில் சேராது. நான் உண்மையை எழுதியிருந்தால் நம் வீட்டுக்கு ஒரே தலைமுறை. ஒரே தலைமுறை என்றால் மூலை வெட்ட மாட்டார்கள்.

இதை எப்போது அறிந்தேன் என்று கேட்பாய். 1983 நவம்பர் 10. நீ என் வாசலில் நின்றதற்கு மறுநாள். நான் எழுதியது சரி என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள ஆவண அறைக்குச் சென்று அட்டையை எடுத்தேன். நான்கு நிமிடம் பார்த்தேன். திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

ஒன்றைத் திருத்தினால் மற்றவற்றையும் திறக்க வேண்டிவரும். அந்தப் பெட்டிகளில் என் கையெழுத்தில் நானூற்றுப் பதினொரு ஜனவரி ஒன்றுகள் இருக்கின்றன. பின்வந்த வாரங்களில் எண்ணினேன். எண்ணிய பிறகு வாய் திறக்க அச்சமாகிவிட்டது. தேதிகளில் நான் இவ்வளவு கண்டிப்பானது அதன் பிறகுதான். நீ வைத்த பட்டப்பெயர் முந்தியது. அதற்கு நான் பொருந்தியது பிந்தியது.

அண்ணன்


24.2.2026

நாலு தடவை 'நீங்கள்' என்று எழுதி அடித்தேன். பேனா வரமாட்டேன் என்கிறது. நீ.

அம்மா அடுப்படியில்தானேடா இருந்தாள்! சனிக்கிழமை காலையில் ஒரு வார்த்தை, "அப்பாவுக்கு எப்பம்மா முதல்ல வந்துச்சு?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே. அந்த மழையில் கூரை ஒழுகிய வாரம் என்றோ, எனக்கு அம்மை போட்டிருந்தபோது என்றோ, எதையாவது சொல்லியிருப்பாள். பெட்டியைத் திங்கட்கிழமை பூட்டினால் உன் அலுவலகம் இடிந்து விழுந்திருக்குமா?

என் வீட்டுக்காரர், பஸ் ஓட்டிப் பிழைத்த மனுஷர், கண்ணை மூடுகிற வரைக்கும் எனக்கு ஒரே ஆறுதல்தான் சொன்னார். "விடும்மா. உங்க வீட்டு நோய் நம்ம பிள்ளைக்கு வந்து அது கஷ்டப்படலைன்னு நினைச்சுக்குவோம்." நாற்பத்திரண்டு வருஷம் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். அதையும் இப்போது பிடுங்கிவிட்டாய்.

நீ ஏன் என் ரத்தத்தைக் கேட்டாய் என்று இப்போதுதான் விளங்குகிறது. உன் பேனாவை எடுக்காமல் தப்பிக்க. என் ரத்தம் நல்லது என்று வந்துவிட்டால் அட்டையை யாரும் படிக்க மாட்டார்கள். நீயும் நல்ல தகப்பனாகவே இருந்துவிடலாம். சரி, என் ரத்தத்திலும் அந்த எழுத்து மாறித்தான் இருக்கிறது என்று வந்தால்? அதை யோசித்தாயா? உன் மகள் வயிற்றில் ஊசி இறங்கும். உலகமே, "பார், அன்றைக்கு அறுத்தது சரிதான்" என்று சொல்லும். ரெண்டாம் தடவை அளவெடுக்கக் கூப்பிடுகிறாய் என்னை. நான் நல்ல சரக்கு என்று நிரூபித்துத்தான் அந்தக் குழந்தை தப்பிக்க வேண்டும் என்றால், நல்ல சரக்கு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

மகளிடம் சொல். ஆபீசில் எழுதிக் கொடு. நானூற்றுப் பதினொன்றையும். அதுவரை எனக்கு எழுதாதே.


28 பிப்ரவரி 2026, சனிக்கிழமை, பகல் 12.10

தங்கைக்கு,

சொல்லிவிட்டேன். பிப்ரவரி 26, வியாழக்கிழமை, காலை 7.15, சாப்பாட்டு மேசையில். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இறுதிவரை கேட்டாள். அச்செடுத்த அட்டையைப் பையிலிருந்து எடுத்து இரண்டு தேதிகளின்மீதும் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு நான்காக மடித்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அத்தைக்கு ஆபரேஷன் நடந்தப்ப நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

"அலுவலகத்தில்" என்றேன்.

சிறிய பெட்டியில் துணிகளை எடுத்துவைத்துக்கொண்டு உடன் பணிபுரியும் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். வெண்ணெய் தடவிய ரொட்டி தட்டில் இருந்தது. மாலைவரை அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

நேற்றுப் பழைய ஆவணங்களைக் காக்கும் அலுவலகத்துக்குச் சென்று திருத்த மனுவைக் கொடுத்தேன். பதினொரு பக்கம். அங்கிருந்த அதிகாரிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். படித்துக்கொண்டே வந்தவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஐயா, உங்க வீட்டு அட்டைய மட்டும் திருத்தினா போதாதா? இதை வாங்கிட்டேன்னா எல்லாப் பெட்டியையும் திறக்கணும். இந்த அட்டைங்கள வச்சுத்தான் இப்ப எத்தனையோ பேருக்குப் பரிந்துரை போயிட்டிருக்கு" என்றார். அவர் கண்களில் தெரிந்ததை நான் அறிவேன். 1983இல் நான்கு நிமிடம் எனக்கு இருந்ததும் அதே அச்சம். "முத்திரை வைத்துப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டைக் கொடுங்கள்" என்றேன். கொடுத்தார். பரிசீலனைக்கு அறுபது நாள். மார்ச் 6க்குப் பயன்படாது.

உன்னிடம் இனி இரத்தம் கேட்க மாட்டேன். மார்ச் 6 காலை 9.30க்கு மகள் தனியாக அங்கே போகிறாள். நான் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். கையெழுத்திடப் போகிறாளா, மறுக்கப் போகிறாளா என்று சொல்லவில்லை. மருத்துவமனை வாசலை 1974க்குப் பிறகு நீ மிதித்ததில்லை என்றும், உன் கணவர் கிடந்தபோதுகூட வெளிக்கதவுக்கு அப்பால்தான் நின்றாய் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே இதைக் கேட்பது நியாயமில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்: மூன்றாம் மாடி, இடப்பக்கம், நான்காம் அறை.

அண்ணன்


7.3.2026

காலண்டர்,

போனேன்.

ஆறு மணிக்கே போய் வெளிக்கதவருகே இருந்த சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி நேரம். காவலாளி வந்து, "அம்மா, நோயாளியா, கூட வந்தவங்களா, இல்ல காத்து வாங்க வந்தீங்களா?" என்றான். "பயந்துக்க வந்தேன்" என்றேன். சிரித்துவிட்டு எனக்கும் ஒரு தேநீர் சொன்னான். உள்ளே அதே மருந்து வாசனை. அம்பது வருஷத்தில் அவர்களுக்கு வேறொரு வாசனை கிடைக்கவில்லையா? நீச்சல் மூச்சு விட்டுக்கொண்டே படியேறினேன். லிப்ட் இருந்தது. பெட்டிக்குள் அடைபட எனக்குத் தைரியமில்லை.

உன் மகளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அப்பாவின் காதுகள். நீ சொல்லவே இல்லையே.

"அத்தையா?" என்றாள்.

"தலைக்கனம் பிடிச்சவதான்" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆலோசகர் என்று ஒரு பையன். மீசை இன்னும் சரியாக அடங்கவில்லை. கையில் பலகை மாதிரிக் கணினி. "நீங்கதான் அந்த அத்தையா? ரொம்ப நல்லதாப் போச்சும்மா. சின்னதா ஒரு மாதிரி மட்டும் எடுத்துக்கிறோம். ரெண்டு நிமிஷம்தான்."

"அம்பத்தோரு வருஷமா அந்த ரெண்டு நிமிஷம் இன்னும் முடியல தம்பி. நீ வேற ஆரம்பிக்காதே."

உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, எனக்கு மறைக்காம ஒண்ணு சொல்லுங்க. வலிப்பு வந்தா எப்படி இருக்கும்?"

மறைக்கவில்லை. "முதல்ல பழைய சாவி மாதிரி ஒரு வாசனை. அப்புறம் தரை. கண்ண முழிச்சா மேல சுத்தி முகம் முகமா நிக்கும். அந்த முகங்கதான் மோசம். ஒரு தடவை வகுப்புல நாக்கக் கடிச்சு ரத்தம். மறுநாள் என் பெஞ்சுல யாரும் உட்காரல."

"அப்ப ஊசி போட்டுக்கிறதுதான் சரியா?"

"எனக்குத் தெரியாதுடி. பதினேழு வயசுல யாராவது என்கிட்ட வந்து, இதை நிறுத்தட்டுமான்னு கேட்டிருந்தா, நிறுத்துன்னே சொல்லியிருப்பேனோ என்னமோ. யாரும் கேட்கல. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"நான் சந்தேகம்னா லிப்ட மூடிடுவேன் அத்தை."

"லிப்ட மூடினா பக்கத்துல படி இருக்கு."

அவள் பையைத் திறந்தாள். பிறகு மடித்த காகிதத்தைப் பிரித்து அந்தப் பையனிடம் காட்டினாள். "இந்த ஜனவரி ஒண்ணை எடுத்துட்டு, தெரியாதுன்னு போட்டா என்ன வரும்?"

"திருத்தம் இன்னும் ஏத்துக்கலையே மேடம்."

"ஏத்துக்க வேணாம். சும்மா போட்டுப் பாருங்க."

போட்டான். சிவப்பாக இருந்த கட்டம் சாம்பல் நிறமாகிவிட்டது. 'பரிந்துரை இல்லை' என்று வந்தது. அவனே பயந்துபோய் அவசர அவசரமாகப் பழைய தேதியைத் திரும்பப் போட்டான். மறுபடி சிவப்பு.

உன் மகள் தன் வயிற்றைப் பார்த்தாள். "இந்த நொடியில என் பிள்ளை மாறிடுச்சா?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். அந்தப் பையன் கணினியைக் கவிழ்த்து வைத்தான்.

மறுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். வீரமாகவெல்லாம் இல்லை. ரெண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தாள். வெளியே வந்து சுவரில் சாய்ந்து, "அத்தை, தப்புப் பண்ணிட்டேனா?" என்றாள். "தெரியாது" என்றேன். "ஆனா தெரியாதுங்கிற இடத்துல நீ ஜனவரி ஒண்ணு போடல."

மாப்பிள்ளை வரும்வரை என்னோடு இருக்கட்டும். உன்னோடு பேச அவளுக்கு இன்னும் மனசு வரவில்லை. எனக்கும் வரவில்லை. எழுதத்தான் வருகிறது.

வாலு

(அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். உன் அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.)


ஆகஸ்டு, ஏதோ ஒரு நாள்

காலண்டர்,

பெண் குழந்தை. நாள், மணி எல்லாம் உன் மகளுக்குத் தெரியும். கேட்டால் ஒருநாள் சொல்வாள். நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுவாய்.

அப்பாவின் காதுகள் இவளுக்கும் இருக்கின்றன. அழுகை குளத்து விசில் மாதிரி. மாப்பிள்ளை வந்து, பிள்ளையை மூக்கருகே தூக்கிப் பார்த்து, "இஞ்சின் நல்லாத்தான் ஓடுது" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். அதற்கு உன் மகள், "அது என் வேலை" என்றாள்.

பதிவில் மறுப்பு என்று ஏறிவிட்டது. இரண்டு காப்பீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

இன்னொன்று. எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். மறைத்த காகிதத்தால் இந்தக் குடும்பம் பட்டது போதும், எழுதுகிறேன்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பகல் வெளிச்சம். இடது கை மட்டும் படபடவென்று நடுங்கியது. ஐந்தாறு எண்ணும் நேரம்தான். நின்றுவிட்டது. பிறந்த குழந்தைகளுக்கு அப்படி வரும், ஒன்றுமில்லை என்று நர்ஸ் சொல்கிறாள். நூறு குழந்தைகளைக் கையில் ஏந்தித் தண்ணீரில் விட்டவள் நான். எனக்கும் அது தெரியும். ஆனாலும் நாங்கள் இருவரும் தொட்டிலின் இரண்டு பக்கமும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அப்போது நான் ஏதோ முகபாவத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று ஞாபகம் வந்தது: மேலே சுற்றி நிற்கிற அந்த முகங்கள். விலகி உட்கார்ந்துகொண்டேன்.

உன் மகள் வேலைப் பழக்கத்தில் பேனாவை எடுத்தாள். நாட்காட்டியருகே போனாள். எழுதாமல் திரும்பி வந்தாள்.

இதைப் படிக்கும்போது உன் கை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். போகாதே.

வாலு


தேதி:

வாலு,

உன் கடிதத்தை அஞ்சற்காரர் கொடுத்தபோது வாசலில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். மனு ஏற்கப்பட்டதிலிருந்து இப்படி வருகிறார்கள். அவரும் உன் வயதினரே. தம் அட்டையின் நகலைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "இதுல இருக்கிற ஜனவரி ஒண்ணு நிஜமான ஜனவரி ஒண்ணா, நீங்க போட்டதா?" என்று கேட்டார். என் கையெழுத்துதான். "நான் போட்டது" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார். இதுவரை வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். மீதிப் பேருக்காக ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணியிலிருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறேன். அழைப்பு மணி ஒலிக்கும்போதெல்லாம் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறேன்.

அவர் போன பின்னர் உன் கடிதத்தைப் படித்தேன். நீ கணித்தது சரி. இடது கை என்ற சொல்லைப் படித்த உடனே நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். 'முதல்' என்று எழுதிவிட்டேன். முதல் என்று எழுதினால் இரண்டாவது ஒன்று வரக் காத்திருப்பதாகிவிடும் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தச் சொல்லை அடித்தேன். அடித்தது தெரிந்தது. ஆகவே அப்பக்கத்தையே கிழித்தேன். அடுத்த பக்கத்திலும் பேனாவின் அழுத்தம் பதிந்திருந்தது, அதையும் கிழித்தேன். பிறகு நோட்டுப் புத்தகத்தை உயரமான அலமாரியில், நாற்காலி போட்டால் மட்டுமே எட்டக்கூடிய தட்டில் வைத்தேன்.

நடுக்கம் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஏதாவதாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. எழுபத்தைந்து வயதில், ஒரு கேள்விக்கு விடையாக இச்சொல்லை எழுதி நிறுத்துவது இதுவே முதன்முறை. எழுதும்போது கை கூசுகிறது.

இக்கடிதத்தின் தலைப்பில் ஓரிடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மறதியால் அல்ல. பலமுறை பேனா அங்கே போயிற்று. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அது காலியாகவே இருக்கட்டும்.

அண்ணன்